அகலக் கால் வைக்கும் முன்

ஆள், ஊர், பொருள் என ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக்கி, அவற்றின் உறவுகளைக் கோடுகளாக்கித் தகவல்களைக் கோத்து வைப்பதே நாலெட்ஜ் கிராஃப். எதுவும் எதனோடாவது தொடர்புடையதுதான் என்பதால், கோடு போடத் தொடங்கினால் நிறுத்த மனம் வராது. திட்டங்கள் திணறுவது அங்கேதான்.

நம்பிக்கை: எல்லாம் சேர்ந்தால்தான் பயன்.

உண்மை: மனிதரின் பொது அறிவு முழுவதையும் கணினிக்கு எழுதிக் கொடுக்க, 1984இல் அமெரிக்காவில் டக்ளஸ் லெனட் ‘சைக்’ திட்டத்தைத் தொடங்கினார். 2023இல் அவர் மறைந்தபோதும் அந்த வேலை முடிந்திருக்கவில்லை. 1998இல் தொடங்கிய ‘ஜீன் ஆன்டாலஜி’யோ பழ ஈ, சுண்டெலி, ஈஸ்ட் என மூன்று உயிர்களோடு முதலில் நிறுத்திக்கொண்டது. மரபணு உருவாக்கும் புரதம் என்ன செய்கிறது, எந்த நிகழ்வில் பங்கேற்கிறது, செல்லுக்குள் எங்கே இருக்கிறது என்ற மூன்றை மட்டுமே பதிவு செய்தது. பிறகு பல உயிரினங்களுக்கு விரிந்தது; ஆனால் நோய்களை வகைப்படுத்தும் வேலையை இன்றும் இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

நம்பிக்கை: முதல் நாளே முழு வடிவமும் வேண்டும்.

உண்மை: 2012 அக்டோபரில் விக்கிடேட்டா வந்தபோது, ஒரே பொருளைப் பற்றிப் பல மொழி விக்கிப்பீடியாக்களில் இருந்த கட்டுரைகளை இணைப்பதே அதன் வேலை. இன்னார் இந்த ஊரில் பிறந்தார் என்பது போன்ற விவரங்களுக்கு 2013இல்தான் இடம் கிடைத்தது. முதல் வேலை சிறியது. ஆனால் சில மாதங்களிலேயே பயன்பட்டது.

நம்பிக்கை: கூடுதலாக இருந்தால் நஷ்டமில்லை.

உண்மை: அதே விக்கிடேட்டாவில் ஆய்வுக் கட்டுரைகளின் விவரங்கள் கோடிக்கணக்கில் குவிந்தன. தேடல் சேவையால் சுமை தாங்க முடியவில்லை. 2025இல் அவற்றைத் தேடலுக்கெனத் தனி கிராஃபாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. சேர்க்கும் ஒவ்வொரு வரியையும் யாரோ சரிபார்க்கவும் புதுப்பிக்கவும் வேண்டும்.

நம்பிக்கை: கையில் உள்ள தரவுதான் எல்லையைச் சொல்லும்.

உண்மை: எல்லையைச் சொல்வது கேள்வி. “இந்த மாத்திரையோடு எதைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது?” என்பது ஒரு மருந்தகத்தின் கேள்வி என்றால், மருந்து, அதிலுள்ள வேதிப்பொருள், எதோடு எது ஒத்துப்போகாது என்ற மூன்றும் போதும். கம்பெனி முகவரி எக்செல் கோப்பில் தயாராக இருக்கிறதே என்பதற்காக உள்ளே வரத் தேவையில்லை. பத்துக் கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றில் ஒன்றுக்குக்கூடப் பதில் தராத கோட்டைப் போடாதீர்கள். பதினோராவது கேள்வியோடு யாராவது வரும்போது அடுத்த கோட்டைப் போட்டுக்கொள்ளலாம்.