தேநீரில் ஊறிய ஐரிஷ் பழரொட்டி

அயர்லாந்து தேசத்தில் அக்டோபர் 31-ஆம் தேதி ஹாலோவீன் இரவுக்கென்று விசேஷமாகச் செய்யப்படும் பார்ம்பிராக் என்னும் பழரொட்டியை, ஈஸ்ட் கலந்து பொங்கவைக்கும் பழைய முறையைக் காட்டிலும், தேநீரில் பழத்தை ஊறவைக்கும் சுலபமான முறையில் செய்வதே வீட்டுக்கு உகந்தது.

350 கிராம் உலர்ந்த திராட்சையை, பாலின்றிக் கடுப்பாக இறக்கிய 300 மில்லி சூடான தேநீரில் இட்டு, மூடி, இரவு முழுவதும் ஊறவிடுவது அத்தியாவசியம். சுருக்கம் நீங்கி, விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும் பதம் வராத பழம், வேகும்போது மாவின் ஈரத்தை உறிஞ்சி ரொட்டியை வறளச் செய்துவிடும். மறுநாள், எஞ்சிய தேநீரை வடித்துவிடாமல், 200 கிராம் பழுப்புச் சர்க்கரை, அடித்த முட்டை ஒன்று, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேர்த்துச் சலித்த 250 கிராம் மைதா, சிறிது பட்டைப்பொடி, ஜாதிக்காய்ப்பொடி ஆகியவற்றைச் சேர்த்து, மாவு மறையும் வரை மட்டுமே கிளறவேண்டும்.

வெண்ணெய் தடவிய நீள அச்சில் ஊற்றி, 170 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுமார் ஒன்றேகால் மணி நேரம் வேகவிட்டு, நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வந்தால் இறக்கலாம்.

அன்றே அறுக்காமல் ஒரு நாள் சுற்றிவைத்து, வெண்ணெய் தடவி உண்டால் ருசி மிகும்.

கிடைத்தவருக்கு ஓராண்டுக்குள் விவாகம் என்ற நம்பிக்கையால் உள்ளே மோதிரம் வைக்கும் சம்பிரதாயத்தைப் பின்பற்றுவோர், அதைக் காகிதத்தில் சுற்றி வைப்பதோடு, உண்போரிடம், முக்கியமாகக் குழந்தைகளிடம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.