சந்தையைப் படிக்கும் முன் சட்டத்தைப் படி

அன்புத் தம்பிக்கு,

மருந்துப் பரிசோதனைக் கூடத்துக்குப் புது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வாங்கும் பொறுப்பு உன் தலையில் விழுந்திருக்கிறது. சந்தை எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டிருந்தாய். உன்னைப் போல இன்னும் பலருக்கும் இதே கேள்வி இருப்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஆண்டுக்கு இத்தனை சதவீத வளர்ச்சி என்று சொல்லும் அறிக்கைகளை மூடி வை. அவை பங்கு வாங்குகிறவர்களுக்கானவை. கருவி வாங்குகிறவன் பார்க்க வேண்டியது, எந்த நாட்டு ஒழுங்குமுறை அமைப்பு எந்தப் பொருளுக்கு என்ன வரம்பு வைக்கிறது என்பதைத்தான். நம் துறையில் கிராக்கி பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

2018 ஜூலையில் வால்சார்டான் என்ற ரத்த அழுத்த மருந்தில் என்.டி.எம்.ஏ. என்ற நைட்ரோசமைன் மாசு கலந்திருப்பது வெளியே வந்தது. ஒரு நாளைக்கு 96 நானோகிராமுக்கு மேல் உடம்புக்குள் போகக் கூடாது என்று ஒழுங்குமுறை அமைப்புகள் சொல்லின. நாளுக்கு 320 மில்லிகிராம் வால்சார்டான் சாப்பிடுகிறவருக்குக் கணக்குப் போட்டால் 0.3 பிபிஎம். வழக்கமான எச்.பி.எல்.சி. அந்த அளவில் திணறும். ஆராய்ச்சிப் பிரிவோடு நின்றிருந்த டிரிபிள் குவாட் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் பல மருந்து ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டுக் கூடத்துக்குள் வந்தது இப்படித்தான். குடிநீரிலும் இதே கதை. 2024 ஏப்ரலில் அமெரிக்கா பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். என்ற வேதிப்பொருள்கள் இரண்டுக்கும் லிட்டருக்கு 4 நானோகிராம் என்று வரம்பு வைத்தது. தண்ணீர் பரிசோதிக்கிறவர்களும் கருவி தேடிப் புறப்பட்டார்கள்.

ஆகவே முதலில் உன் கூடத்துக்கு வரும் சேம்பிள்களையும் அவற்றுக்கான வரம்புகளையும் ஒரு தாளில் எழுது. 2023-இல் வந்த ஆர்பிட்ராப் ஆஸ்ட்ரல் போன்றவை பிரமாதமான கருவிகள்தான். ஆனால் அவை ஆயிரக்கணக்கான புரதங்களை ஒரே ஓட்டத்தில் எண்ணுகிறவர்களை மனத்தில் வைத்துச் செய்தவை. பத்து நைட்ரோசமைன்களை நாள் முழுக்க அளக்கும் உனக்கு நல்ல டிரிபிள் குவாட் போதும்.

அடுத்தது விளம்பரத் தாள். அதில் ரெசர்பின் என்ற பெயர் கண்ணில் படும். சர்ப்பகந்தி வேரில் இருக்கும் அதே சரக்கு. 1 பிகோகிராம் ஏற்றினால் சிக்னல்-நாய்ஸ் விகிதம் லட்சக்கணக்கில் என்று போட்டிருப்பார்கள். கோடு ஆடாமல் கிடக்கும் இடமாகப் பார்த்து நாய்ஸை அளந்தால் வகுக்கும் எண் சுழியை நெருங்கும், விகிதம் எங்கோ போய்விடும். அதைவிட, குறைந்த செறிவுள்ள ஒரே கரைசலைப் பலமுறை ஏற்றச் சொல்லி, பீக்கின் பரப்பு எவ்வளவு மாறுகிறது என்று பார்.

விளம்பரத் தாளின் எண்கள் சுத்தமான கரைப்பானில் அளந்தவை. உன் சேம்பிளில் என்.டி.எம்.ஏ. 0.3 பிபிஎம் என்றால், பக்கத்தில் மருந்து முப்பது லட்சம் மடங்குக்கு மேல் நிற்கிறது. மருந்து வெளியேறும் நேரத்தில் டைவர்ட் வால்வு வழியாக அதை வேஸ்டுக்குத் திருப்பாவிட்டால் கருவியின் அயன் சோர்ஸ் சீக்கிரமே அழுக்கேறிவிடும். டெமோவுக்குப் போகும்போது உன் மாத்திரையையே எடுத்துப் போ.

விலை உயர்ந்த கருவி தவறு செய்யாது என்றும் நினைக்காதே. 2020-இல் மெட்ஃபார்மின் மாத்திரைகளில் என்.டி.எம்.ஏ. அதிகம் என்று ஒரு தனியார் ஆய்வகம் சொன்னது. அது பயன்படுத்தியது ஹை ரெசல்யூஷன் கருவி. அமெரிக்க எஃப்.டி.ஏ. திரும்ப அளந்தபோது பல மாத்திரைகளில் அளவு குறைந்தது. இடையில் புகுந்தது டி.எம்.எஃப். என்ற கரைப்பான். என்.டி.எம்.ஏ. அயனி 75.055-இல் வரும், நைட்ரஜன்-15 கொண்ட டி.எம்.எஃப். அயனி 75.057-இல் வரும். இரண்டும் ஒரே நேரத்தில் வெளியேறி, நிறை வரம்பையும் தளர்வாக வைத்திருந்தால் இரண்டும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடும். காலமில் அவற்றைப் பிரித்திருக்க வேண்டும், வரம்பை இறுக்கியிருக்க வேண்டும். இரண்டும் ஆள் செய்ய வேண்டிய வேலை. அதனால் பட்ஜெட்டில் பயிற்சிக்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கு.

கருவியின் விலையோடு செலவு முடிவதில்லை. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமே விலையில் பத்தில் ஒரு பங்கை நெருங்கும். நைட்ரஜன் ஜெனரேட்டர், யு.பி.எஸ்., ஏ.சி. எல்லாம் தனி. ஜி.சி.எம்.எஸ். வாங்கினால் அதில் ஓடும் ஹீலியத்தைப் பற்றி யோசி. 2022-இல் அதற்குப் பெருந்தட்டுப்பாடு வந்ததும் பல ஆய்வகங்கள் ஹைட்ரஜனுக்கு மாறப் பார்த்தன. அதற்கேற்ற அயன் சோர்ஸ்களும் விற்பனைக்கு வந்தன. ஆனால் சூடான சோர்ஸில் ஹைட்ரஜன் சும்மா இருக்காது. நைட்ரோபென்சீனை அனிலீனாக மாற்றிவிடும். மாறுவதானால் ஒவ்வொரு முறையையும் மறுபடி வாலிடேட் செய்ய வேண்டும்.

கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிவிடு: சர்வீஸ் இன்ஜினியர் எந்த ஊரிலிருந்து எத்தனை மணி நேரத்தில் வருவார், இந்த மாடலுக்கு எத்தனை ஆண்டு உதிரிபாகம் கிடைக்கும், உன் சேம்பிளில் உன் வரம்பை எட்டாவிட்டால் என்ன செய்வார்கள். மூன்றாவதற்குத் தயங்கும் கம்பெனியோடு விலை பேசி நேரத்தை வீணாக்காதே.

கொட்டேஷன்கள் கைக்கு வந்ததும் அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்