கடற்புனைவில் அச்சமும் அகமும்: ‘புயலிலே ஒரு தோணி’, ‘ஆழி சூழ் உலகு’ நாவல்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் மரபில் கடல் குறித்த உளத்தவிப்பு பெரும்பாலும் கரையில் காத்திருப்போர்க்கு உரியதாகவே அமைந்துள்ளது. தற்கால நாவல் அத்தவிப்பைக் கலத்தில் இருப்பவர் உள்ளத்திற்கு மாற்றுகிறது. இந்நோக்குநிலை மாற்றத்தையும் அதனால் அச்சச்சுவை பெறும் புதிய பொருளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நெய்தல், இரங்கல், மெய்ப்பாடு, அச்சம், உளவியல் நாவல்.

முன்னுரை

‘அடுத்து என்ன நிகழும்’ என்னும் பதற்றத்தை மர்மக்கதைக்கு உரியதெனக் கருதி ஒதுக்கும் போக்கு தமிழ்த் திறனாய்வில் உண்டு. இதனால் இலக்கியத் தகுதி பெற்ற நாவல்களில் அப்பதற்றம் ஆற்றும் பணி போதிய அளவு ஆராயப்படவில்லை. கடலைக் களமாகக் கொண்ட இரு நாவல்கள் இக்குறையைப் போக்கத் துணைசெய்கின்றன.

கரையின் நோக்கு

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அது பிரிந்தவரை எண்ணிக் கரையில் இருப்பவரின் உணர்வு. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் பகுதியாகக் கருதப்படுகிறது. அங்கும் பாணன் செல்வது கரைவழியே. அலை கொணர்ந்து ஒதுக்கிய அகில் விறகாகிறது. கடல் அளிப்பதைக் காணும் கண் கரையிலேயே நிற்கிறது.

மணிமேகலையில் சாதுவனின் கலம் கவிழ்கிறது. முறிந்த மரத்தைப் பற்றி அவன் நாகர் வாழும் இடத்தை அடைகிறான். எனினும் அந்நீரில் அவன் உள்ளம் பட்ட பாட்டைக் காப்பியம் விரிப்பதில்லை. கணவன் இறந்தான் எனக் கேட்டுத் தீப்புகும் ஆதிரையின் துயரே முதன்மை பெறுகிறது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கையும் நிலைக்களன்களாகக் கூறும். நான்கும் அஞ்சுவோனுக்குப் புறத்தே உள்ளவை என்பது நோக்கத்தக்கது. தன் உள்ளத்தையே அஞ்சும் நிலை இவ்வகைப்பாட்டில் தனித்து இடம்பெறவில்லை.

பயணியின் அச்சம்

ப. சிங்காரம் (1920–1997) 1938இல் சுமத்ராவின் மேடான் நகருக்குச் சென்று அங்கே பணியாற்றியவர். 1972இல் வெளிவந்த ‘புயலிலே ஒரு தோணி’யில், சப்பானியர் ஆட்சிக்காலத்தில் பாண்டியன் சுமத்ராவிலிருந்து பினாங்கிற்குத் தொங்கானில் செல்கிறான். வழியில் புயல் தாக்குகிறது. பயணிகள் கலத்தைச் செலுத்த அறியாதவர்கள். பற்றிக்கொண்டு காத்திருப்பதன்றி அவர்களுக்குச் செயலில்லை. இச்செயலின்மையே பதற்றத்தின் ஊற்று.

புயல் தணிகிறது, பதற்றம் தணியவில்லை. பின்னர் போர்க்களத்திலும் மறைமுகச் செயல்களிலும் ஈடுபடும் பாண்டியனை மதுரைத் தெருக்களும் சின்னமங்கலமும் நினைவாகத் தொடர்கின்றன. வேரற்ற நிலையே அவனது கடலாகிறது. நாவலின் தலைப்பில் உள்ள தோணி தொங்கானை மட்டுமன்றி அவனையும் குறிக்கிறது எனலாம். இறுதியில் அவன் சுடப்பட்டு இறக்கையில், கடலில் தப்பிய உயிர் நிலத்தில் முடிகிறது.

சோசப் கான்ராடின் ‘தி சீக்ரெட் ஷேரர்’ (1910) இவ்விடத்து ஒப்பிடத்தக்கது. சயாம் வளைகுடாவில் ஓர் இளங்கப்பல்தலைவன், கொலைசெய்து தப்பிவந்தவனைத் தன் அறையில் ஒளித்துவைக்கிறான்; அவனிலே தன்னையே காண்கிறான். கான்ராடு அகப்பிளவை மற்றொரு மனிதனாக உருவாக்க, சிங்காரம் அதனை நினைவோட்டத்திற்குள் வைக்கிறார்.

தொழிலறிந்தோர் அச்சம்

உவரியில் பிறந்த ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ (2004) பரதவரின் மூன்று தலைமுறை வாழ்வை 1933 முதல் 1985 வரை சித்திரிக்கிறது. கோத்ரா, சூசை, சிலுவை ஆகிய மூவர் கடலில் தத்தளிக்கும் நிகழ்ச்சி, ஊரின் கதைக்கு இடையிடையே தொடர்கிறது.

இங்கே மூவரும் காற்றையும் நீவாட்டையும் அறிந்தவர்கள். அவ்வறிவே அவர்களுக்கு எஞ்சியுள்ள வாய்ப்பின் அளவையும் உணர்த்துகிறது. அறியாமையினும் கொடியது இவ்வச்சம். ஊர்க்கதை குறுக்கிடுந்தோறும் வாசகர் கரைக்கு மீட்கப்பட்டு, மீண்டும் நீரில் விடப்படுகின்றனர். இக்கட்டமைப்பு முடிவைத் தள்ளிப்போடும் உத்தி மட்டுமன்று. மூழ்கவிருக்கும் ஒவ்வொருவருடனும் எத்துணை வாழ்வு மூழ்கும் என்பதையும் அது அளந்து காட்டுகிறது. ‘யார் பிழைப்பர்’ என்னும் வினா, ‘யார் பொருட்டு யார் உயிர் துறப்பர்’ என அறவினாவாகிறது. முதியவர் இருவர்க்கும் தம் உயிரினும் இளையவன் உயிர் பெரிதாகிறது.

முடிவுரை

பயணியின் அச்சம் தன்னை நோக்கித் திரும்புகிறது. மீனவரின் அச்சம் பிறர் உயிரை நோக்கி விரிகிறது. இரண்டிற்கும் நிலைக்களன் கடல் அன்று, கடல் வெளிப்படுத்தும் அகமே. மெய்ப்பாட்டியல் கூறும் நான்கோடு இதனையும் சேர்த்து எண்ணுவது தற்காலப் புனைகதை ஆய்வுக்குப் பயன்தரும். இரங்கல் மறைந்துவிடவில்லை, கரையிலிருந்து கலத்திற்கு இடம்பெயர்ந்துள்ளது. இவ்வகையில் உளப்பதற்றத்தைக் கேளிக்கை உத்தியென ஒதுக்காது, நெய்தல் மரபின் வளர்ச்சியாகக் கொண்டு ஆராய்தல் தகும்.