பழைய ரயில் பெட்டிக்குப் புதுச் சக்கரம்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஆரணிக்காரர்கள் ரயில் ஏற வேண்டுமென்றால் களம்பூருக்குப் போக வேண்டும். காட்பாடி–விழுப்புரம் தடத்தில் உள்ள ‘ஆரணி ரோடு’ நிலையம் அங்கேதான் இருக்கிறது. ஆரணியின் தறி வீடுகளில் பிறந்து, ஐடிஐ முடித்து, பெரம்பூர் பணிமனையில் அப்ரண்டிஸாகச் சேர நினைக்கும் பிள்ளைகளுக்காக இந்தக் குறிப்புகள்.

பெரம்பூரில் உள்ள ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-ல் சுவிட்சர்லாந்து வடிவமைப்பில் பெட்டி கட்டத் தொடங்கியது. அந்தப் பழைய ரகத்தைக் கட்டுவது 2018 ஜனவரியோடு நின்றது. அதன் இடத்தில் இப்போது வருபவை ஜெர்மன் வழிவந்த எல்எச்பி பெட்டிகள். ஓடிக்கொண்டிருக்கும் பழைய பெட்டிகளுக்கு வயது கூடிக்கொண்டே போகிறது. பெட்டி பழையதாக இருக்கலாம், அதைத் தாங்கும் சக்கரத்தின் அளவு அனுமதித்த எல்லையை ஒரு மில்லிமீட்டர்கூடத் தாண்டக் கூடாது.

செய்ய வேண்டியவை

1. அளந்த பிறகே முடிவெடுங்கள். புதுச் சக்கரத்தின் விட்டம் 915 மி.மீ. ஓட ஓடத் தேயும். லேத்தில் கடையும்போது இன்னும் குறையும். ஃபிளேஞ்ச் (சக்கரத்தின் துருத்திய உள்விளிம்பு) மெலிந்திருக்கிறதா, கூர்மையாகிவிட்டதா, தண்டவாளத்தில் உருளும் பரப்பு குழிந்திருக்கிறதா என்பதையெல்லாம் கேஜ் வைத்துப் பாருங்கள். பல வருட அனுபவமுள்ள கண்ணும் இதில் ஏமாறும்.

2. ஜோடிப் பொருத்தம் பாருங்கள். கடைந்து முடித்த சக்கரங்களில், ஒரே ஆக்சிலின் இரண்டுக்கும் விட்ட வித்தியாசம் 0.5 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஒரு போகிக்குள் (பெட்டியைத் தாங்கும் சக்கரச் சட்டம்) 5 மி.மீ., ஒரு பெட்டிக்குள் 13 மி.மீ. வரை போகலாம். ஆக்சிலில் மட்டும் ஏன் இவ்வளவு கறார்? இரண்டு சக்கரமும் ஒரே இரும்பில் இறுகியிருப்பதால் சேர்ந்துதான் சுற்ற முடியும். விட்டத்தில் 5 மி.மீ. வித்தியாசம் இருந்தால், ஒரு கிலோமீட்டருக்குள் பெரிய சக்கரம் சுமார் ஐந்தரை மீட்டர் கூடுதலாக உருளப் பார்க்கும். ஆக்சில் சின்னச் சக்கரத்தின் பக்கம் இழுபட்டு, அந்தப் பக்க ஃபிளேஞ்ச் தண்டவாளத்தை உரசித் தேயும். பாவு ஒரு பக்கம் இறுகி மறு பக்கம் தளர்ந்தால் சேலை கோணிக்கொள்ளும் என்பது தறிக்காரர் பிள்ளைக்குச் சொல்லியா தெரிய வேண்டும்?

3. இரண்டு சக்கரங்களின் உள்முகங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைச் சரிபாருங்கள். அகலப் பாதைக்கு அது 1600 மி.மீ. கூடினால் 2 மி.மீ., குறைந்தால் 1 மி.மீ. மட்டுமே அனுமதி. ஒரே இடத்தில் அளந்துவிட்டுப் போகாமல், சக்கரத்தைச் சுற்றி மூன்று இடங்களில் அளந்தால் ஆக்சில் வளைந்திருப்பதும் தெரிந்துவிடும்.

4. ஆக்சிலுக்கு அல்ட்ராசோனிக் சோதனை செய்யுங்கள். சக்கரம் இறுகி உட்கார்ந்திருக்கும் இடத்தில், கண்ணுக்கு எட்டாமல் விரிசல் தொடங்கக்கூடும். மேலே துடைத்துப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

5. பேக்கிங்கை மறக்காதீர்கள். சக்கரம் தேயத் தேயப் பெட்டி தாழும். அதை ஈடுகட்ட ஸ்பிரிங்குக்கு அடியில் 13, 26, 38 மி.மீ. என்று பேக்கிங் கொடுத்திருப்பார்கள். தேய்ந்ததை எடுத்துவிட்டு 915 மி.மீ. சக்கரம் போடும்போது அந்தப் பழைய பேக்கிங் உள்ளேயே இருந்துவிட்டால் பெட்டி தூக்கிக்கொண்டு நிற்கும். அடுத்த பெட்டியின் பஃபரோடு மட்டம் சேராது. காலிப் பெட்டியின் பஃபர் உயரம் 1105 மி.மீ.க்கு மேலும், ஆள் ஏறிய பெட்டிக்கு 1030 மி.மீ.க்குக் கீழும் போகக் கூடாது.

6. எழுதி வையுங்கள். சக்கரத்தை ஆக்சிலில் அழுத்தும்போது பிரஸ் வரையும் கிராஃபைப் பத்திரப்படுத்துங்கள். பிடிப்பு சரியாக விழுந்ததா என்பதற்கு அதுதான் சாட்சி.

செய்யக்கூடாதவை

1. எல்எச்பி சக்கரத்தைப் பழைய போகியில் மாட்ட நினைக்காதீர்கள். இரண்டுக்கும் புது விட்டம் 915 மி.மீ. என்பதால் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் எல்எச்பி ஆக்சிலில் பிரேக் டிஸ்க் இருக்கும். பழைய ரகத்தில் பிரேக் கட்டை சக்கரத்தையே நேராகப் பிடிக்கும். பேரிங்கும் வேறு. மேம்படுத்த வேண்டுமென்றால் பெட்டியையே மாற்றுவதுதான் ரயில்வேயின் வழி. பயணிகள் சேவையிலிருந்து விலக்கிய பழைய பெட்டிகள் பலவற்றைக் கார், பைக் ஏற்றும் சரக்குப் பெட்டிகளாக மாற்றியிருக்கிறார்கள்.

2. பேரிங்கைத் தீ காட்டிச் சூடேற்றாதீர்கள், சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். இண்டக்‌ஷன் ஹீட்டரில் சூடாக்குங்கள்; 120 டிகிரி செல்சியஸைத் தாண்ட விடாதீர்கள். தாண்டினால் உருக்கின் கடினம் குறையலாம்.

3. ஒரு கம்பெனி கிரீஸோடு இன்னொன்றைக் கலக்காதீர்கள். கலவை இளகி வழிந்தால் பேரிங் காயும், ஓட்டத்தில் கொதிக்கும்.

4. சக்கரத்திலோ ஆக்சிலிலோ வெல்டிங் வைக்காதீர்கள். பெட்டியின் வேறு இடத்தில் வெல்டிங் செய்யும்போதும், மின்சாரம் பேரிங் வழியாகத் திரும்பும்படி எர்த் கொடுக்காதீர்கள். உருளைகளில் பொட்டுப் பொட்டாகத் தீய்ந்துவிடும்.

5. தட்டையான இடத்தைச் ‘சின்னதுதானே’ என்று விடாதீர்கள். பிரேக் இறுகிச் சக்கரம் சுற்றாமல் வழுக்கும்போது அது உண்டாகிறது. பயணிகள் பெட்டிக்கு அதன் நீளம் 50 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. தட்டைச் சக்கரம் 2.87 மீட்டருக்கு ஒரு முறை தண்டவாளத்தைச் சம்மட்டியாய் அடித்துக்கொண்டே போகும்.

6. ஜாக்கியை மட்டும் நம்பிப் பெட்டிக்கு அடியில் போகாதீர்கள். முட்டு கொடுத்து, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, சிவப்புக் கொடி கட்டிய பிறகே குனியுங்கள். மூத்தவர் அவசரப்படுத்தினாலும், “அண்ணே, முட்டு வச்சிட்டு வர்றேன்” என்று சொல்லுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

பயணிகளுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. களம்பூரில் ஏறி உட்கார்ந்த பிறகு, வேகத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும் ‘டக் டக்’ சத்தம் ஒரே சக்கரத்திலிருந்து விடாமல் கேட்டாலோ, காலடியில் கருகல் வாடை வந்தாலோ, டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் 139-க்கு அழையுங்கள். பெட்டி எண்ணையும் சேர்த்துச் சொன்னால், அடுத்த பெரிய நிலையத்தில் எந்தச் சக்கரத்தைப் பார்ப்பது என்று ஊழியர்களுக்குத் தேடல் மிச்சம்.