அங்காடியும் அமானிதமும்: ரேடியோ ஷாக் வாடிக்கையாளர் பட்டறிவு குறித்த ஓர் ஆய்வு

தமிழ் முஸ்லிம்களின் பேச்சு வழக்கில் இன்றும் உயிரோடு வழங்கும் சொற்களுள் ஒன்று 'அமானிதம்'. ஹஜ்ஜுக்குச் செல்பவர் உறவினரிடம் ஒப்படைத்துச் செல்லும் நகையும் அமானிதம். ஒருவர் நம்பிச் சொன்ன இரகசியமும் அமானிதம். பொருளுக்கும் சொல்லுக்கும் ஒன்றுபோலப் பொருந்துவது அது. வாடிக்கையாளர் ஒருவர் கடைக்காரரிடம் எழுதிக் கொடுக்கும் பெயரும் முகவரியும் இவ்வகையில் அடங்குமா? இவ்வினா 2015ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் திவால் நீதிமன்றம் ஒன்றில் வேறு சொற்களில் எழுந்தது. அதற்குக் காரணமாயிருந்தது ரேடியோ ஷாக் என்னும் மின்னணுப் பொருள் அங்காடித் தொடர். அதன் வளர்ச்சியையும் தளர்ச்சியையும், கடைக்குள் நுழைந்து வெளியேறிய வாடிக்கையாளரின் நிலையில் நின்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பங்குச் சந்தைக் கணக்குகளுக்கு இங்கே மிகுதியாக இடமில்லை.

தோற்றம்

1921இல் பாஸ்டன் நகரில் தியோடர் டாயிஷ்மன், மில்டன் டாயிஷ்மன் என்னும் சகோதரர் இருவர் தொடங்கிய கடை இது. கப்பலில் வானொலிக் கருவி வைக்கப்பட்டிருக்கும் சிறு அறைக்கு வழங்கிய பெயரையே கடைக்கும் இட்டனர். கப்பல் வானொலி அலுவலர்களும், பொழுதுபோக்காக வானொலி அமைப்போரும் அதன் முதல் வாடிக்கையாளர்கள். 1960களின் தொடக்கத்தில் நிறுவனம் நட்டத்தில் தத்தளித்தபோது, டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த் நகரைச் சேர்ந்த சார்லஸ் டாண்டி 1963இல் அதனை வாங்கினார். அவருடைய குடும்பத் தொழில் தோல் வணிகம். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கத்து அன்பர்கள் இச்செய்தியைச் சற்றே முறுவலுடன் படிக்கக்கூடும்! ஒன்பது கடைகளாக இருந்ததை அவர் நாடெங்கும் பரப்பினார். பெரிய கடைகள் சில என்பதைவிடச் சிறிய கடைகள் பல என்பதே அவர் கொள்கை. 1978இல் அவர் மறைந்தார். பிற்காலத்தில், தனியார் முகவர் கடைகளையும் சேர்த்து ஏழாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் இப்பெயர்ப் பலகையைத் தாங்கி நின்றன.

கடைக்குள் கிடைத்த கல்வி

இக்கடையை நினைவுகூரும் அமெரிக்கர் முதலில் குறிப்பிடுவது விலையையன்று. கடையின் பின்புறத்தில் இருந்த சிறு சிறு இழுப்பறைகளையே குறிப்பிடுவர். ரெசிஸ்டர், கெபாசிடர், டிரான்சிஸ்டர், ஒளி உமிழும் டையோடு, உருகுகம்பி முதலியன அவற்றில் வகைப்படுத்தி வைக்கப்பட்டிருந்தன. பள்ளிச் சிறுவன் ஒருவன் சில்லறைக் காசுடன் சென்று தனக்கு வேண்டிய ஒரே ஓர் உறுப்பை வாங்கி வர முடிந்தது. பற்றவைப்பு தேவையின்றிச் சுருள்கம்பி முனைகளில் மின்கம்பியைச் செருகிப் பல சுற்றுகளை அமைத்துப் பார்க்கும் பயிற்சிப் பெட்டிகளும் அங்கே விற்கப்பட்டன. ஃபாரஸ்ட் மிம்ஸ் என்பவர் தம் கையெழுத்திலேயே எழுதிப் படமும் வரைந்த மின்னணுவியல் அறிமுக நூல் 1983இல் இக்கடைகளின் வழியாக வெளிவந்து, பத்து இலட்சம் படிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. பல்கலைக்கழக வாயிலை மிதிக்காத பலருக்கு அந்நூலே முதல் ஆசிரியர்.

1977இல் இந்நிறுவனம் டி.ஆர்.எஸ்.-80 என்னும் கணிப்பொறியை வெளியிட்டது. திரையும் ஒலிநாடாப் பதிவுக் கருவியும் உட்பட அதன் விலை ஏறத்தாழ 600 டாலர். கணிப்பொறி என்றால் பெரிய நிறுவனங்களின் குளிரூட்டிய அறைக்குள் இருப்பது என்று எண்ணியிருந்த காலம் அது. அக்காலத்தில் கடைத்தெருவில் நடந்து செல்பவர் உள்ளே நுழைந்து விசைப்பலகையைத் தொட்டுப் பார்க்க முடிந்தது என்பது சிறிய செய்தியன்று.

மாதந்தோறும் ஒரு பாட்டரி இலவசமாகத் தரும் அட்டைத் திட்டமும் இங்கிருந்தது. அட்டையைக் காட்டினால் பாட்டரியைக் கொடுத்து, அம்மாதத்திற்குரிய கட்டத்தில் அடையாளமிடுவர். அது வணிக உத்தியே என்பதை வாடிக்கையாளர் அறியாதவரல்லர். எனினும் பாட்டரிக்காக வந்த சிறுவன் இழுப்பறைகளின் முன் அரைமணி நேரம் நின்றான், கடைக்காரரும் விரட்டவில்லை. பிற்காலத்தில் அத்தொடர் மீது மக்கள் காட்டிய பரிவின் வேர் இங்கேதான் உள்ளது என்பது என் துணிபு.

பெயரும் முகவரியும்

இதே கடையில் மக்களுக்கு எரிச்சலூட்டிய வழக்கம் ஒன்றும் இருந்தது. இரண்டு பாட்டரியை ரொக்கப் பணம் கொடுத்து வாங்கினாலும் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்வர். பொருட்பட்டியலும் விளம்பரத் தாளும் அஞ்சலில் அனுப்புவதற்காகவே இது செய்யப்பட்டது. சிலர் மறுத்தனர்; சிலர் பொய்ப் பெயர் கூறினர்; பெரும்பாலோர் வரிசையில் நிற்பவருக்கு இடையூறு வேண்டாமென்று உண்மையையே சொன்னார்கள். தொலைக்காட்சி நகைச்சுவையாளர்கள் கேலி செய்யும் அளவுக்கு இது பெயர் பெற்றது. 2002இல் நிறுவனம் இவ்வழக்கத்தைக் கைவிட்டது. ஆயினும் பல்லாண்டுகளாகச் சேர்ந்த பட்டியல் அழியவில்லை. அப்பட்டியலைப் பிறருக்கு விற்பதில்லை என்று நிறுவனம் வாடிக்கையாளருக்கு உறுதியும் கூறியிருந்தது. இவ்வுறுதிமொழியை வாசகர் நினைவில் இருத்த வேண்டுகிறேன்.

விடை தெரியாத கடை

1990களில் இந்நிறுவனம், எந்த ஐயத்தோடு வந்தாலும் விடை தருவோம் என்னும் பொருள்பட விளம்பரம் செய்தது. ஆனால் வருவாயோ மெல்ல மெல்லச் செல்போன் விற்பனையின் பக்கம் சாய்ந்தது. செல்போன் இணைப்பு ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தால் தொலைபேசி நிறுவனம் தரும் தரகு, நூறு ரெசிஸ்டர் விற்றாலும் கிடைக்காது. எனவே விற்பனையாளர் எதில் தேர்ச்சி பெற வேண்டும் என்பதும் மாறியது. உருகுகம்பி ஒன்று வாங்க வந்தவர், முன்னால் நிற்பவரின் செல்போன் ஒப்பந்தத் தாள்கள் நிரப்பப்படும் வரை காத்து நின்றார். தம் முறை வந்ததும், செல்போன் வேண்டுமா என்னும் கேள்வியே அவரை எதிர்கொண்டது. அவர் கேட்ட உறுப்பின் பெயரோ எதிரே நின்ற இளைஞருக்குப் புதியதாக இருந்தது. அவ்விளைஞரைக் குறைகூறுதல் முறையன்று. கற்றுத் தராததை அவர் எங்ஙனம் அறிவார்?

பணியாளரை நிறுவனம் எவ்வாறு நடத்தியதோ அதுவே சில மாதங்களில் வாடிக்கையாளரை வந்தடைகிறது என்பதற்கு இத்துறையில் வேறொரு சான்றும் உண்டு. ரிச்மண்ட் நகரில் 1949இல் தோன்றிய சர்க்யூட் சிட்டி என்னும் தொடர், 2003இல் தரகு முறையைக் கைவிட்டு ஏறத்தாழ 3,900 விற்பனையாளரை நீக்கியது. பின்னர் 2007 மார்ச்சில் கூடுதல் ஊதியம் பெறுகின்றனர் என்னும் காரணத்திற்காகவே 3,400 பேரை வெளியேற்றியது. நீக்கப்பட்டவர் யாவர்? நீண்ட காலம் பணியாற்றித் தொழிலறிந்தவரே பெரும்பாலும் அவ்வூதியத்தைப் பெற்றவர். எந்தத் தொலைக்காட்சிப் பெட்டி எந்த அறைக்குப் பொருந்தும் என்று சொல்லத் தெரிந்தவர் போனபின், வாடிக்கையாளர் அங்கே செல்வதற்குக் காரணமில்லாது போயிற்று. 2008 நவம்பரில் திவால் மனு. 2009 மார்ச்சில் கடைகள் அனைத்தும் மூடப்பட்டன. ரேடியோ ஷாக் நிறுவனமோ 2006இல் தலைமையகப் பணியாளர் ஏறத்தாழ 400 பேருக்கு வேலை நீக்கச் செய்தியை மின்னஞ்சலிலேயே அனுப்பியது.

2009இல் பெயரைச் சுருக்கிப் புதுமை காட்ட முயன்றனர். 2011இல் பொழுதுபோக்கு மின்னணுவியலாரிடமே எவ்வுறுப்புகள் வேண்டும் என்று கேட்டு, அர்டுயினோ முதலியவற்றை அடுக்கினர். நல்ல எண்ணந்தான், காலங்கடந்து வந்தது. வேண்டிய உறுப்பை இணையத்தில் மலிவாக வாங்க மக்கள் ஏற்கெனவே பழகிவிட்டனர். 2014இல் 1,100 கடைகள் வரை மூட நிறுவனம் திட்டமிட்டபோது கடன் கொடுத்தோர் இசையவில்லை. ஆகவே, நட்டக் கடைகளும் திறந்தே கிடந்தன. 2015 பிப்ரவரி 5 அன்று திவால் மனு தாக்கலாயிற்று.

கையிருப்பைத் தீர்க்கும் விற்பனை

மூடப்போகும் கடையில் வாடிக்கையாளர் பெறும் பட்டறிவு தனி ஆய்வுக்குரியது. தள்ளுபடிப் பலகைகள் தொங்கும். ஆனால் விற்பனையை நடத்துவது கடைக்காரர் அல்லர். அதற்கென்றே அமர்த்தப்படும் தீர்வு நிறுவனத்தார். முதலில் முழு விலைக்கு உயர்த்தி, அதன்மேல் தள்ளுபடி காட்டுவதுண்டு என்பது சர்க்யூட் சிட்டி மூடப்பட்டபோது பரவலாக எழுந்த குறை. விற்ற பொருள் எக்காரணத்தாலும் திருப்பி எடுக்கப்படாது என்னும் அறிவிப்பும் உண்டு.

இஸ்லாமிய வணிகச் சட்டத்தில், குறையுள்ள பொருளைத் திருப்பித் தரும் வாடிக்கையாளர் உரிமைக்குக் 'கியாருல் அய்ப்' என்று பெயர். எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்லேன் என்று விற்பவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதில் சட்ட அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி அறிஞர் அந்நிபந்தனைக்கு இசைவு தருகின்றனர். ஏனையோர் கட்டுப்பாடு விதிக்கின்றனர். ஆனால் அறிந்தே மறைப்பது பற்றி ஐயத்திற்கிடமில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்து அடியில் ஈரம் கண்டதும், மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரை வினவியதும், ஏமாற்றுவோர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளன. உயர்த்திய விலையின்மேல் தொங்கும் தள்ளுபடிப் பலகையை அவ்வீரத்தின்மேல் பரப்பிய உலர்ந்த தானியமாகவே நான் காண்கிறேன்.

பரிசு அட்டை வைத்திருந்தோரின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பணத்தை முன்னதாகவே செலுத்தி வாங்கப்பட்ட அட்டை அது. மனு தாக்கலான சில வாரங்களில் அவை கடைகளில் ஏற்கப்படாமற்போயின. மாநில அரசு வழக்காடிய பின்னரே பணத்தைத் திரும்பக் கோரும் வழி பிறந்தது.

விற்பனைக்கு வந்த பட்டியல்

இனி, நினைவில் இருத்துமாறு வேண்டிய செய்திக்கு வருவோம். திவாலான நிறுவனத்தின் உடைமைகளை எண்ணியபோது, பெயர், வணிகச் சின்னம் ஆகியவற்றோடு வாடிக்கையாளர் பட்டியலும் ஓர் உடைமையாக ஏலத்தில் இடம்பெற்றது. ஏறத்தாழ 11 கோடியே 70 இலட்சம் பேர் பற்றிய விவரங்கள் அதில் அடங்கியிருந்தன. பெயரும் சின்னமும் பட்டியலும் சேர்த்து 2 கோடியே 62 இலட்சம் டாலருக்கு ஜெனரல் வயர்லெஸ் என்னும் நிறுவனம் கேட்டது. 1,743 கடைகளையும் அதுவே எடுத்துக்கொண்டது.

டெக்சாஸ் மாநில அட்டர்னி ஜெனரல் எதிர்ப்புத் தெரிவித்தார். முப்பதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் உடன் நின்றன. நடுவணரசின் வணிக ஆணையமும் 2015 மே மாதத்தில் கடிதம் எழுதியது. விற்பதில்லை என்று வாக்களித்துப் பெற்றதை விற்பது ஏமாற்றுச் செயல் ஆகும் என்பதே அவர்தம் வாதம். 2000ஆம் ஆண்டில் டாய்ஸ்மார்ட் என்னும் இணைய விளையாட்டுப் பொருள் நிறுவனம் நொடித்தபோதும் இதே சிக்கல் எழுந்தது. அதன் விளைவாக, இத்தகைய விற்பனைகளில் வாடிக்கையாளர் நலனை ஆராய்ந்து நீதிமன்றத்துக்கு உரைக்க ஒரு நடுவரை அமர்த்தும் விதி 2005இல் அமெரிக்கத் திவால் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஏ.டி. அண்டு டி. என்னும் தொலைபேசி நிறுவனமும் வழக்கில் குறுக்கிட்டது. அப்பட்டியலில் ஒரு பகுதி தனக்குரியது என்றது. ஒப்படைத்தவரை விட்டுவிட்டு ஒப்படைக்கப்பட்டவர்கள் தமக்குள் வழக்காடிய காட்சி இது.

ஹிஜ்ரத் இரவு இங்கு நினைவுக்கு வருகிறது. கி.பி. 622இல் மக்காவை விட்டு நீங்கும்போது நாயகம் (ஸல்) அவர்களிடம் ஊரார் பலரின் அமானிதப் பொருள்கள் இருந்தன. அவற்றை உரியவரிடம் சேர்ப்பதற்காகவே அலீ (ரலி) அவர்கள் உயிரிடர் இருந்தும் பின்தங்கினார்கள் என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். கொல்லத் துணிந்த ஊரிலிருந்து புறப்படும் நிலையிலும் கணக்கு முதலில் தீர்க்கப்பட்டது. கடையைக் கட்டிக்கொண்டு புறப்படும் வணிகரின் கடமையை அளக்க இதனினும் பொருத்தமான அளவுகோலை நான் அறியேன். கடன் கொடுத்த வங்கிக்கும் உரிமை உண்டே என்று கேட்கலாம். உண்டு, கடனாளியின் சொந்த உடைமை மீதே அவ்வுரிமை செல்லும். அவர் கையில் பிறர் ஒப்படைத்த பொருள் மீது செல்லாது.

வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. மின்னஞ்சல் முகவரிகளில் அண்மைய இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர்பிலிருந்தவருடையவை மட்டும், வேண்டாம் என்று விலகிக்கொள்ளும் வாய்ப்பு அளித்தபின், கைம்மாறலாம் என்றாயிற்று. தொலைபேசி எண்களும் கடன் அட்டை விவரங்களும் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டன. எஞ்சியவற்றில் பெரும்பகுதியை அழித்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று.

வாங்கிய ஜெனரல் வயர்லெஸ் நிறுவனமும் 2017 மார்ச்சில் திவாலாயிற்று. பெயர் மட்டும் 2020இலும் 2023இலும் கை மாறி, இறுதியில் எல் சால்வடார் நாட்டைத் தலைமையிடமாகக் கொண்ட யூனிகோமர் குழுமத்தைச் சென்றடைந்தது. இரண்டு பாட்டரி வாங்கிய நாளில், வரிசையில் நிற்பவருக்கு இடையூறு வேண்டாமென்று மக்கள் சொல்லிவிட்டுப் போன பழைய முகவரிகளை அப்பெயர் நினைவூட்டுகிறது.