வல்லாளன் திதியும் கண்டி மன்னன் கல்லறையும்

முன்னுரை

தென்பெண்ணையாற்றங்கரையில் அமைந்த ஊர் மணலூர்பேட்டை. தைத் திங்கள் ஐந்தாம் நாள் நிகழும் ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் இங்கு எழுந்தருளுகிறார். அதே அண்ணாமலையார் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குச் சென்று, ஒரு மன்னனுக்கு மகன் முறையில் திதி கொடுப்பதையும் இப்பகுதியினர் அறிவர். இறந்த அரசரை நினைத்தலுக்கும் அவர்தம் கல்லறையைக் காத்தலுக்கும் உள்ள தொடர்பை ஆராய இவ்வழக்கு நமக்கு வாயிலாகிறது.

நினைவால் வாழும் மன்னன்

அம்மன்னன் போசள மரபின் மூன்றாம் வீரவல்லாளன். மகப்பேறில்லாத அவனுக்கு இறைவனே மகனானான் என்பது தலமரபு. கி.பி. 1342-ஆம் ஆண்டளவில் மதுரைச் சுல்தானோடு பொருது, பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அக்கொடுமையை முஸ்லிம் பயணியாகிய இபுனு பதூதாவே தம் பயணநூலில் மறைக்காது எழுதிவைத்தார். ஆறரை நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அவ்வரசன் மறக்கப்படவில்லை. கல்லறையைக் காட்டி அவனை நினைவூட்ட வேண்டிய தேவையே இங்கு எழவில்லை.

கல்லறை இருந்தும் மறக்கப்பட்ட மன்னன்

இதற்கு மாறானது வேலூர்ச் செய்தி. கண்டியின் கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1815-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டான். மறு ஆண்டில் தமிழகத்துக்குக் கொணரப்பட்டு, வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டு, 1832-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் மறைந்தான். பாலாற்றங்கரையில் அவனும் அவன் குடும்பத்தாரும் அடக்கமாயினர். அக்கல்லறைகளுக்கு முத்துமண்டபம் என்னும் நினைவகத்தைத் தமிழக அரசு எழுப்பித் திறந்தது 1990-ஆம் ஆண்டில்தான். இடையே கழிந்தவை 158 ஆண்டுகள்! நாடிழந்த மன்னனுக்கு அண்டை அயலில் உரிமை கொண்டாடுவார் இல்லாமையே இதற்குக் காரணம் எனலாம்.

அதே கோட்டையில் அவனுக்கு முன்னர்ச் சிறையிருந்தவர்கள் திப்பு சுல்தானின் மக்கள். 1806-ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சிக்குப் பின் அவர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். அக்குடும்பத்தாருள் வேலூரிலேயே மறைந்தோரின் கப்றுகள் இன்றும் அந்நகரில் உள்ளன. கண்டி மன்னனின் சமாதியும் திப்பு குடும்பத்தாரின் கப்றுகளும் ஓரூரிலேயே அமைந்திருத்தல் எண்ணத்தக்கது. ஒன்று அவர்களது, மற்றொன்று நம்முடையது எனப் பிரித்தால், இரண்டுமே காப்பாரின்றி அழியும்.

காக்கும் முறை

அன்பு மட்டும் கட்டடத்தைக் காவாது. அறியாமையோடு கூடிய அன்பு கேடும் செய்யும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்பினது. அதன்மீது சிமெண்டு பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே தங்கிக் கல்லையும் செங்கல்லையும் அரிக்கும். ஆகவே பழுது பார்க்கவும் சுண்ணாம்புக் காரையே ஏற்றது. சுவரில் முளைக்கும் அரசங்கன்றைச் சிறியதாக இருக்கும்போதே அகற்ற வேண்டும். வேரூன்றியபின் பிடுங்கினால் சுவரும் உடன் பெயரும். மழைநீர் அடித்தளத்தில் தேங்காது வடிய வழி வேண்டும். எழுத்துள்ள கல்லின்மீது வெள்ளையடிப்பதும், மணலை வீச்சாய்ப் பாய்ச்சித் துப்புரவு செய்வதும் ஆகா. எழுத்து மறைந்தால் கல்லறைக்குரியவரின் பெயரும் மறையும்.

இவற்றிற்கெல்லாம் முன்னதாகச் செய்யத்தக்கது பதிவு. கல்வெட்டுக்கு மைப்படி எடுத்தலும், படம் பிடித்தலும், அளவு குறித்தலும் மாணவர் பயின்று செய்யக்கூடியவையே. நினைவுச் சின்னங்களைக் காக்க 1958-ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டமும் 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் உள்ளன. எனினும் பட்டியலில் ஏறாத சின்னத்தை யார் காப்பது? அதன் அருகில் வாழும் நாமே காக்க வேண்டும்.

முடிவுரை

ஸியாரத் என்பது மறைந்தோருக்காக துஆச் செய்வதும், நம் மறுமையை நினைப்பதுமாகும். அந்நினைவு வாய்த்தவர் எவருடைய அடக்கத்தலத்தையும் இகழார். மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலுள்ள நடுகல், சமாதி, கப்றுஸ்தானின் பழங்கல் ஆகியவற்றுள் ஒன்றையேனும் பதிவு செய்து துறைக்கு அளிப்பாராக. பெரியோர், வெள்ளையடிக்கும் முன் அக்கல்லில் எழுத்துண்டா எனப் பார்ப்பாராக. வல்லாளனை வாழவைத்த நினைவு கண்டி மன்னனுக்கும் திப்புவின் குடும்பத்தாருக்கும் கிட்டுவது நம் கையில்தான் உள்ளது.