ஈசல் கிளம்பினால்: மருந்து வேண்டாம், விளக்கை அணையுங்கள்

புரட்டாசியில் ஒன்றிரண்டு மழை விழுந்ததும் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் ஊர்களில் ஈசல் கிளம்பும். ஓடைக்கரையிலும் வரப்பிலும் வேப்பமரத்தடியிலும் உள்ள கரையான் புற்றுகள் ஒரே அந்தியில் வாய் திறக்கும். கூட்டத்தைக் கண்டதும் பூச்சிமருந்தைத் தேடுவோர் உண்டு. மழை பிடித்துவிட்டது என்று விதைக்கடைக்கு ஓடுவோரும் உண்டு. இரண்டுமே வேண்டாம். மேல்மண் நனைந்திருக்கிறது, காற்றில் ஈரம் இருக்கிறது, அவ்வளவுதான் ஈசல் தரும் சேதி.

ஒவ்வொரு ஜோடியும் நாளைய புற்று, இன்றே கொன்றால் என்ன என்று கேட்கலாம். மேகாலயாவின் ரி-போய் மாவட்டத்தில் 4 ஆண்டுக்கு ஒருமுறையும், அமெரிக்காவில் 13 அல்லது 17 ஆண்டுக்கு ஒருமுறையும் மண்ணுக்குள்ளிருந்து கிளம்பும் சிள்வண்டுகளின் உத்திதான் ஈசலுக்கும்: தின்ன வருபவை தின்று தீர்க்க முடியாத அளவுக்கு ஒரே நேரத்தில் வெளிவருவது. அப்படியும் கரிச்சான், பல்லி, தேரை, எறும்பு எல்லாமாகச் சேர்ந்து பெரும்பகுதியை முடித்துவிடும். தப்பியவை இறகை உதிர்த்துவிட்டு, பெண் முன்னே போக ஆண் அதை ஒட்டியே பின்தொடர, மண்ணில் ஒரு விரிசலைத் தேடி இறங்கிவிடும். அங்கே தெளிப்பான் எட்டாது. மருந்தில் சாவது அவற்றைத் தின்ன வந்த பறவையும் பல்லியும்தான். ஈசலைப் பிடித்து அரிசியோடு வறுத்துத் தின்னும் வழக்கமுள்ள ஊர்களில் அந்த நஞ்சு பிள்ளைகளின் வாய்க்கே போய்ச் சேரும். ஆகவே அந்தி மயங்கும்போது ஒரு மணி நேரம் வெளிவிளக்கை அணைத்துக் கதவைச் சாத்துங்கள். வெளிச்சம் வேண்டுமென்றால் வீட்டைவிட்டுத் தள்ளி ஒரு விளக்கும் அதனடியில் அகலமான பாத்திரத்தில் தண்ணீரும் போதும். பயிரைக் கடிப்பது மண்ணுக்குள் இருக்கும் இறகில்லாத வேலைக்காரக் கரையான். அதற்குத் தீனி பிடுங்காத பருத்திமாரும் மக்காச்சோளத் தட்டையும் மக்காத குப்பையும். அவற்றை இப்போதே அப்புறப்படுத்துங்கள். படப்பையும் விறகையும், தீப்பெட்டி ஆலைகளில் குச்சி மூட்டைகளையும் தரையில் படாமல் உயர்த்தி அடுக்குங்கள்.

பெரியவர்கள் ஈசலைப் பார்த்துத்தானே விதைத்தார்கள் என்பது நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் ஈசலோடு மாதத்தையும் மேகத்தையும் மண்ணின் பதத்தையும் சேர்த்தே பார்த்தார்கள். செப்டம்பரின் வெப்பச்சலன மழைக்கும் ஈசல் வரும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதோ வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டி. இடைப்பட்ட வெயிலில், அவசரமாக முளைத்த உளுந்தும் பாசியும் கருகிவிடும். மண்வெட்டியால் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். கீழே புழுதி பறந்தால் ஈரத்தை நம்பிய விதைப்பைத் தள்ளிப்போடுங்கள். புழுதியிலேயே முன்கூட்டி விதைப்பவர்கள் விதையை 5 செ.மீ. ஆழத்தில் இடுங்கள். 20 முதல் 25 மி.மீ. மழை பெய்தால்தான் அந்த ஆழத்து விதை முளைக்கும், தூறலுக்கு ஏமாறாது. 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் மண்ணில், மானாவாரிக்காரர்கள் அங்கே போய் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு விதைப்பது நல்லது.

ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தால் தெருவின் ஈசல் முழுக்க அங்கேதான் போகும். அக்கம்பக்கத்தாரிடமும் இன்றே சொல்லிவையுங்கள்.